தீர்ப்புக்காகக் காத்திருக்கும் அடுப்புகள்



பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்த 344 கூட்டு மருந்துகளை, மருத்துவ நியாயமற்றவை என 2016 மார்ச்சில் மத்திய அரசு தடை செய்தது. அவ்வாண்டு டிசம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. 2017இல் உச்ச நீதிமன்றம் மறுஆய்வுக்கு உத்தரவிட்டது. 2018 செப்டம்பரில் 328 மருந்துகள் மீண்டும் தடை செய்யப்பட்டன.

அந்த இரண்டரை ஆண்டுகள், அம்மருந்துகளை நம்பிப் பிழைத்த விற்பனைப் பிரதிநிதிகளின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! பையைச் சுமந்து நம் கொடைக்கானல் மலையேறி வரும் இளைஞர்களும் அத்தொழிலினரே.

தீங்கான மருந்தைத் தடுப்பது கடமை. விற்பனை இலக்கைவிட உயிர் மேலானது. எனினும், தயாரித்தவரின் பிழைக்குச் சுமந்தவர் மட்டும் தண்டனை பெறுவது நீதியாகுமா?

முதலாளிமார்களே! நீக்குவதற்கு முன் மாற்றுப் பணி கொடுங்கள். பிரதிநிதிச் சகோதரர்களே! வேலை போய்விடுமென்றஞ்சி மருந்தின் குறையை மறைக்காதீர்கள். நிறுவனம் ஒரு வாசல்தான். ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ். ஜமாஅத்தினரே! வேலையிழந்தவர் வீட்டில் அடுப்பெரிகிறதா என்று, அவர் கேட்குமுன் சென்று பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான வாழ்வாதாரத்தை வழங்குவானாக! ஆமீன்.