இமேஜ் போய்விடுமாம்!



2006இல் விஜய் டிவியில் "கனா காணும் காலங்கள்" வந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள். சைட் அடித்தார்கள், சண்டை போட்டார்கள், அழுதார்கள். அதே ஆண்டு தியேட்டரில் "வேட்டையாடு விளையாடு". அதில் இரண்டு கொடூரக் கொலைகாரர்கள், அவர்களைத் தன்பாலீர்ப்பாளர்கள் என்று குத்திக்காட்ட ஒரு வசனம். தனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது என்று உணர்ந்த பதினைந்து வயசுப் பையன் அன்றைக்குத் தன்னைத் திரையில் தேடியிருந்தால், கொலைகாரனாகத்தான் கிடைத்திருப்பான்.

ஸ்கூல் சீரியலில் ஏன் அவனுக்கு இடமில்லை என்று கேட்டால், "நடிக்கிற பையனோட இமேஜ் போயிடும் சார், அப்புறம் எவன் ஹீரோ சான்ஸ் குடுப்பான்?" என்கிறார்கள். அடேயப்பா, என்ன அக்கறை!

காளிதாஸ் ஜெயராமைப் பாருங்கள். குழந்தை நட்சத்திரமாகவே தேசிய விருது வாங்கியவர். 2020இல் நெட்ஃபிளிக்ஸின் "பாவக் கதைகள்" தொகுப்பில், சுதா கொங்கரா இயக்கிய "தங்கம்" கதையில் சத்தாராக நடித்தார். சத்தார் திருநங்கை, தன்பாலீர்ப்பு வேறு, அது வேறு. ஆனால் இமேஜ் பயம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆபரேஷன் செய்துகொண்டு பெண்ணாக வாழக் காசு சேர்க்கிற பிள்ளை, தான் உயிராய் நினைத்தவனும் தன் தங்கையும் ஊரைவிட்டு ஓடிப்பிழைக்க அந்தக் காசையே எடுத்துக் கொடுக்கிறது. நடித்தவருக்கு என்ன ஆனது? 2022இல் "விக்ரம்" படத்தில் கமலுக்கு மகன். அதே ஆண்டு பா. ரஞ்சித்தின் "நட்சத்திரம் நகர்கிறது" படத்தில் நாயகன். 2024இல் "ராயன்". எங்கே போனது இமேஜ்?

எழுபது வயதைத் தாண்டிய மம்மூட்டி "காதல் தி கோர்" படத்தில் தன்பாலீர்ப்பாளராக நடித்தார். தயாரிப்பும் அவருடைய சொந்தக் கம்பெனிதான். இங்கே இருபத்திரண்டு வயசுப் பையனுக்காக நடுங்குகிறார்கள்!

ஆனாலும் சத்தார் கதையில் எனக்கு ஒரு கோபம் உண்டு. ஊர் ஒரு கதவையும் திறக்கவில்லை, அந்தப் பிள்ளை செத்துப்போகிறது. நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறோம். செத்தவர்கள்மேல் இரக்கப்பட நமக்குக் காசா பணமா? ஷிஃப்ட் முடிந்து ரூமில் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்க்கிறீர்களே, அதில் உயிரோடு ஒருத்தன் வேண்டும். ரெக்கார்டு நோட்டை அடுத்தவனைப் பார்த்து எழுதுகிறவன், டியூஷனுக்கு மட்டம் போடுகிறவன், கபடி டீம் கேப்டனைப் பார்த்தால் பேச்சு வராமல் திணறுகிறவன்.

நடிக்க வருகிற பையனிடம் "நீயும் அப்படியா?" என்று குடையவும் கூடாது. இங்கிலாந்தில் "ஹார்ட்ஸ்டாப்பர்" தொடரில் நடித்த கிட் கானருக்கு 2022இல் வயது 18. ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களே நச்சரித்து, தான் இருபாலீர்ப்பாளர் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்தார்கள். அதுவும் அராஜகம்தான்.

2018இல் உச்ச நீதிமன்றமே தன்பாலீர்ப்பு குற்றமில்லை என்றது. 2021இல் மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில், நம் ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இது புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டு தீர்ப்பு எழுதினார். நீதிபதிக்கு நேரமிருந்தது, சீரியலுக்குக் கதை பண்ணுகிற அண்ணன்மாரே, உங்களுக்கு இல்லையா? சென்சார் விடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். டிவி சீரியலுக்கு சென்சார் சர்டிஃபிகேட்டே கிடையாது!