பழைய ஈரல் நோயும் புதுக் காமாலையும்

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, பால்மரம் வெட்டும் தோழர்களே, கிராணிமார்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

தாய்மார்களைத் தனியே குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான் பேச வந்திருக்கும் நோயை முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் டாக்டரல்லர், வீட்டிலிருக்கும் மனைவியோ மூத்த மகளோதான்.

நான் பல வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்தவன். ஒரு நாள் காலை, பிரட்டு முடிந்த நேரத்தில், ஒரு வெட்டுத் தொழிலாளியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கண் மஞ்சள், பேச்சுத் தடுமாற்றம், கேட்ட கேள்விக்குப் பதிலில்லை. குடிக்கிற மனிதர் என்பது எல்லோருக்கும் தெரியும். "போதை தெளியட்டும், நாளைக்குப் பார்க்கலாம்" என்று லயத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர் மனைவி வாசலிலே நின்று, "ஐயா, மூணு நாளா ஒரு சொட்டுக்கூடக் குடிக்கலையே" என்றார். அந்த வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை. நான்காம் நாள் அவர் இறந்து போனார். அன்று எனக்குத் தெரியாததைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நம்மவர்களுக்குக் காமாலை என்றால் எல்லாம் ஒரே காமாலைதான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடு, பத்தியம் இரு, சரியாகிவிடும் என்போம். பல பேருக்குச் சரியாகியும் இருக்கிறது. காரணம் என்ன? நல்ல ஈரல் உள்ள இளைஞனுக்கு அழுக்குத் தண்ணீராலும் அரைவேக்காட்டுக் கெராங்காலும் வருகிற வைரஸ் காமாலை, பெரும்பாலும் எந்த மருந்துமில்லாமலே சில வாரத்தில் இறங்கிவிடும். நோய் தானே போகும், பெயர் கீழாநெல்லிக்குப் போகும்! ஆனால் பழைய ஈரல் நோய் உள்ளவனுக்கு அதே மஞ்சள் வந்தால் கதையே வேறு.

வெட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கத்தி ஆழமாக இறங்கி மரக்கட்டையைத் தொட்டுவிட்டால், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். ஆனாலும் மிச்சமிருக்கிற நல்ல பட்டையிலே பால் வரும். தூர இருந்து பார்த்தால் நல்ல மரம்தான். ஈரலும் அப்படியே. வருஷக்கணக்கான குடி, ஹெப்படைட்டிஸ் பி, சி வைரஸ்கள், சர்க்கரை வியாதியோடு சேர்ந்து வரும் கொழுப்பு, இவையெல்லாம் ஈரலைத் தழும்பாக்குகின்றன. மிச்சமுள்ள நல்ல பாகம் வேலையைச் சமாளிப்பதால் அந்த மனிதர் தினமும் வேலைக்குப் போவார். தமக்கு நோய் இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்த மிச்ச பாகத்தின் மேல் ஒரு புது அடி விழுந்தால் சில வாரத்தில் எல்லாம் சரிந்துவிடும்.

கிராணிமார்கள் சிரிக்க வேண்டாம். சம்சு குடித்தாலும் ஸ்டெங்கா குடித்தாலும் ஈரலுக்குக் கணக்கு ஒன்றுதான். குடிக்காமலே நாற்காலியில் உட்கார்ந்து தொந்தி வளர்ப்பவருக்கும் கொழுப்பு ஈரல் வரும்.

இந்தச் சரிவுக்கு இலக்கணம் வகுப்பதில் மருத்துவ உலகிலேயே சண்டை உண்டு. டில்லி டாக்டர் சிவ் குமார் சரின் முன்னின்று, ஆசிய பசிபிக் நாடுகளின் ஈரல் நிபுணர்கள் 2009-ல் ஓர் இலக்கணம் வெளியிட்டார்கள். பழைய ஈரல் நோய், தெரிந்தோ தெரியாமலோ, உள்ளவருக்குப் புதிதாக ஓர் அடி விழுந்து, காமாலை ஏறி, இரத்தம் உறையும் சக்தி குறைந்து, நான்கு வாரத்துக்குள் வயிற்றில் நீர் கட்டினாலோ புத்தி தடுமாறினாலோ, அதுவே இந்நோய். இரத்தச் சோதனையில் பிலிருபின் 5 மில்லிகிராம், நம் நாட்டு ஆஸ்பத்திரிச் சீட்டில் 85 மைக்ரோமோல், அதற்கு மேல் இருக்கும், ஐ.என்.ஆர். என்ற உறைவுக் கணக்கு 1.5-ஐத் தொட்டிருக்கும். ஐரோப்பியரோ, 1,343 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வேறு கணக்குச் சொன்னார்கள். சிறுநீரகம், மூளை, மூச்சு, இரத்த ஓட்டம் என்று எத்தனை உறுப்பு விழுந்தது என எண்ணுவது அவர்கள் முறை. அதில் கிருமித் தொற்றும் முக்கியமான அடி. பத்தில் நாலு பேருக்கு மேல் அடி எதுவென்றே புலப்படவில்லை.

எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்ல. ஆனால் தோட்டத்து ஜனங்களுக்கு ஆசியக் கணக்கே உதவும் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அது முன்னதாக மணியடிக்கிறது. உறுப்புகள் விழுந்தபின் எண்ணுவதற்கு நாம் ஏன் காத்திருக்க வேண்டும்? 2017-ல் ஆசிய நிபுணர்கள் 1,402 பேரின் விவரத்தைப் பார்த்து நோயை மூன்று படியாகப் பிரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் முதல் படியில் நூற்றுக்குச் சுமார் 13 பேர். இரண்டாம் படியில் 45. மூன்றாம் படியில் 86. முதல் ஒரு வாரந்தான் கையில் உள்ள காலம். அது கடந்தால் கிருமி நுழைந்து, சிறுநீரகமும் விழத் தொடங்கும்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? அடி எது என்று முதலில் தேடுவார்கள். ஹெப்படைட்டிஸ் பி கிளம்பியிருந்தால் டெனோபோவிர் அல்லது என்டெகாவிர் மாத்திரை அன்றே தொடங்க வேண்டும். இந்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்தியவர்களுக்கு இதே சரிவு வருவதுண்டு. ஆகவே டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். நம் நாட்டில் குழந்தைகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி 1989-ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு முறை இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது. குடியால் வந்ததென்றால், கிருமி இல்லையென்று உறுதி செய்தபின் சிலருக்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள். ஆல்புமின் ஏற்றுவார்கள்; தடுமாற்றத்துக்கு லாக்டுலோஸ் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வார்கள். இவற்றுக்கும் மசியாவிட்டால் மாற்று ஈரல்தான். நம் நாட்டில் 1995-ல் சுபாங் ஜெயாவில் அது தொடங்கியது. அரசாங்கத்தில் செலாயாங் ஆஸ்பத்திரி செய்கிறது. ஆனால் தானம் குறைவு. எல்லோருக்கும் கிடைக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன்.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. வெறுங்கஞ்சி கொடுத்து ஆளை வாட்டாதீர்கள். முட்டை, மீன், பருப்பு வேண்டும். இரவு படுக்குமுன் ஏதாவது சாப்பிட வேண்டும். வயிறு வீங்கியிருந்தால் கருவாடு, ஊறுகாய், கிச்சாப் இவற்றை விலக்குங்கள். உடல் வலிக்குப் போன்ஸ்டான், பெயர் தெரியாத ஜாமு இரண்டும் ஆகாது. பாராசிட்டமோல்கூட ஈரல் நோயாளிக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல் கூடாது.

இதே கிள்ளான் வட்டாரத்தில் 1941-ல் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடையை மூடச் சொல்லியும் கேட்டார்கள். குடித்தவன் உடம்பு என்னாகும் என்று அவர்கள் லயத்திலே கண்ணால் பார்த்தவர்கள்.

"ஒரு நாள் சம்பளம் போகுமே" என்று ஆஸ்பத்திரிக்குத் தயங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நோய்க்கு, 1955-ம் ஆண்டின் வேலைச் சட்டப்படி வருஷத்தில் 60 நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. கிராணிமார்கள் இதை எழுதி ஆபீசிலே ஒட்டலாம்.

தாய்மார்களே, இனி உங்கள் பங்கு. பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறாரா? பிள்ளை பெயரை மாற்றிச் சொல்கிறாரா? கையை முன்னே நீட்டி உள்ளங்கையை விரித்து நிமிர்த்தச் சொன்னால், பறவை சிறகடிப்பதுபோல் கை துடிக்கிறதா? கண் மஞ்சளோடு இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கூட்டிப் போங்கள். குடித்திருக்கிறார் என்றோ பேய் பிடித்தது என்றோ யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரை, சூரணம், ஜாமுப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கௌண்டரில் "சாக்கிட் ஹாத்தி" என்று சொல்லிவிடாதீர்கள். மனவருத்தம் என்று நினைத்துக்கொள்வார்கள். "பென்யாக்கிட் ஹாத்தி, லாமா, மாத்தா கூனிங், பாரு" என்று சொல்லுங்கள். ஈரல் நோய் பழையது, கண் மஞ்சள் புதிது என்று அர்த்தம்.