சத்தம் டயர்ல இல்ல: ஒரு வீல் பேரிங் கதை

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் தொகுத்த எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரு சத்தத்தைப் பத்திப் பேசப் போறேன்.

2024 பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, சென்னையிலருந்து ஊருக்குக் கிளம்பினோம். ஊர் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கம். கார்ல நான், அம்மா, அக்கா, அக்கா பையன். திருச்சி தாண்டி கீரனூர் ரோட்டுல போறப்ப அம்மா கேட்டாங்க: "என்னடா, உள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு?" பாட்டை நிறுத்தி, ஏசியை அணைச்சேன். 'ஊங்ங்ங்'னு ஒரே சீரான சத்தம். வேகம் அறுபதுல இருந்தா மெல்லிசா, எண்பதுல நல்லாவே கேக்குது.

உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அது புதுசு இல்ல. சென்னையிலேயே கேட்டுச்சு. ஒரு கடையில காட்டினேன். "டயர் தேஞ்சிருக்கு சார்"னாங்க. முன்னாடி ரெண்டு டயரும் மாத்தினேன், எட்டாயிரத்துக்கு மேல போச்சு. சத்தம் மட்டும் போகல. புது டயர், போகப் போக சரியாயிடும்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

புதுக்கோட்டையில ஒரு சின்ன பட்டறையில நிறுத்தினோம். அங்க இருந்த மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடவே இல்ல. "சாவியக் குடுங்க தம்பி, ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்"னார். அந்தப் பத்து நிமிஷத்துல நான் கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, சத்தம் இன்ஜின்லயா, சக்கரத்துலயா? ஒரே வேகத்துல போயிக்கிட்டே கியரை மாத்தினார். இன்ஜின் சத்தம் மாறுச்சு, 'ஊங்' மாறல. அப்போ அது சக்கரம் சுத்துறதோட சேர்ந்த சத்தம்.

அடுத்து, டயரா, பேரிங்கா? டயர் சத்தம் ரோட்டைப் பொறுத்து மாறும். சொரசொரப்பான ரோட்டுல ஒண்ணு, புதுத் தார்ல ஒண்ணு. பேரிங் சத்தம் ரோடு மாறினாலும் பெருசா மாறாது.

மூணாவது, எந்தப் பக்கம்? வண்டி இடது பக்கம் வளையும்போது எடை வலது சக்கரத்து மேல சாயும். அப்போ சத்தம் கூடினா, பெரும்பாலும் வலது பேரிங். வலது பக்கம் வளையும்போது கூடினா இடது. எங்க வண்டியில இடது வளைவுலதான் கூடுச்சு.

திரும்பி வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "வண்டி தண்ணியில நின்னுச்சா?" நின்னுச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எங்க தெருவுல சக்கரம் பாதி முழுகுற அளவுக்குத் தண்ணி. பேரிங்னா என்ன? ரெண்டு இரும்பு வளையம், நடுவுல குண்டுகள், கூடவே கிரீஸ். அது வெளிய போகாம, தண்ணி உள்ள வராம காக்குறது ஒரு ரப்பர் சீல். சீல் லேசா பழுதானாலும் தண்ணி உள்ள போயிடும். கிரீஸ் கெட்டு, துரு பிடிச்சு, குண்டு ஓடுற பாதையில குழி விழும். அதுக்கப்புறம்தான் சத்தம் வரும். அதனாலதான் மழை முடிஞ்சு பல வாரம் கழிச்சுத் தெரியுது.

"அண்ணே, ஊரு இங்கருந்து இருபது கிலோமீட்டர்தான். போயிட்டு பொங்கல் முடிஞ்சு வரேனே?"னேன். அவர் பதில் சொல்லல. ஜாக்கி போட்டு, ஸ்டேண்ட் வச்சார். சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். 'டக் டக்.' என் கையாலயும் ஆட்டச் சொன்னார். அப்புறம் சக்கரத்தைச் சுத்திவிட்டு, என் கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வைக்கச் சொன்னார். மணல் அரைக்கிற மாதிரி ஒரு அதிர்வு. இந்த ஆட்டம் கூடினா பிரேக் மிதி ஆழமா இறங்கும், டயர் ஒரு பக்கமா தேயும். ரொம்ப முத்திப்போனா சக்கரம் இறுகிப்போகலாம், கழன்டே போகலாம். அம்மாவையும் அக்காவையும் பையனையும் பஸ் ஏத்தி அனுப்பிட்டேன்.

மாத்துற வேலையைக் கூடவே இருந்து பார்த்தேன். வண்டி தரையில நிக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்தினார். தூக்கினப்புறம் பிரேக் காலிப்பரைக் கழட்டி, ஹோஸ்ல தொங்க விடாம கம்பி போட்டுக் கட்டினார். நக்கிளைக் கழட்டி, பிரஸ் இருக்கிற லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனோம். பல சின்ன கார்கள்ல முன்சக்கர பேரிங்கை பிரஸ் வச்சு அமுக்கித்தான் ஏத்தணும். சுத்தியலால அடிச்சா புது பேரிங்குலயே குழி விழுந்துடும். நக்கிள்ல ஏத்தும்போது வெளி வளையத்தைத்தான் அமுக்கணும். ஹப்பை ஏத்தும்போது உள் வளையத்துக்கு முட்டுக் குடுக்கணும்.

ஏபிஎஸ் இருக்கிற வண்டியா? சில பேரிங்ல ஒரு பக்கம் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் பக்கம் வரணும். திருப்பிப் போட்டா டேஷ்போர்டுல ஏபிஎஸ் விளக்கு எரியும். கடைசியா புது ஹப் நட். அதை கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வச்சு டைட் பண்ணணும். முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் பார்த்துடுங்க.

இன்னொண்ணு: ஒரு பக்கம் போச்சுன்னா ரெண்டு பக்கமும் மாத்தியே ஆகணும்னு இல்ல. பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி, விரலால சுத்திப் பாருங்க. நான் சுத்தினப்ப கரகரன்னு துரு கொட்டுச்சு. எட்டாயிரம் ரூபாய் எங்க போச்சுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

ராத்திரி திருமயம் போய்ச் சேர்ந்தேன். வாசல்ல அம்மா கேட்டாங்க, "வண்டு போச்சா?" போயிடுச்சு.

இந்த வாரம் வண்டி எடுத்தா ஒரு அஞ்சு நிமிஷம் பாட்டை நிறுத்திட்டு ஓட்டுங்க. நம்ம எபிசோடா இருந்தாலும் நிறுத்திடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.