மாமியும் மருமகனும் பேசுகிறார்கள், மகள் எங்கே?

(எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். பயப்படாதீர்கள். இன்று நான் பேசப்போவது ஒரு பாட்டைப் பற்றி. ‘சின்ன மாமியே’ என்ற பாட்டு. இந்தப் பாட்டுக்குத் தாளம் தட்டாத கை இந்த மண்டபத்தில் இருக்காது.

உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் எழுதிப் பாடிய பாட்டு இது. பொப் என்றும் துள்ளிசை என்றும் நாங்கள் சொன்ன இசைக்கு வழிகாட்டியவர்களில் அவர் ஒருவர். அதன் அடியில் ஓடுவது பைலாத் தாளம். போர்த்துக்கேயர் காலத்தோடு இலங்கைக்கு வந்த ஆட்ட இசை அது. 1940களில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ் உத்தியோகத்தர் அதைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். பைலாவில் ‘வாத பைலா’ என்றொரு வகை உண்டு. இரண்டு பாடகர்கள் மாறி மாறி வாதாடிப் பாடுவார்கள்.

எங்கள் வடமராட்சிக்கு இது புதுமையல்ல. காத்தவராயன் கூத்தை விடிய விடியப் பார்த்த ஊர் இது. ஆரியமாலைமேல் ஆசைப்பட்ட காத்தவராயனும் தாய் மாரியம்மனும் பாட்டிலேயே வாதாடுவார்கள். மகன் கேட்பான், தாய் மறுப்பாள், மகன் விடமாட்டான். அந்தக் காதோடு வளர்ந்தவர்களுக்கு மாமியும் மருமகனும் பாட்டில் சண்டை பிடிப்பது அந்நியமாகப்படவில்லை. வெளியிலிருந்து வந்த தாளத்தில் முற்றத்துப் பேச்சு ஏறி உட்கார்ந்துகொண்டது.

பாட்டின் கதை உங்களுக்குத் தெரியும். மச்சாள் எங்கே என்று மருமகன் கேட்கிறான். அவள் படிக்கப் போயிருக்கிறாள் என்கிறாள் மாமி. உடனே அவனுக்குப் பொறுக்கவில்லை. படிக்க விட்டால் பெடியன்கள் கண்ணடிப்பார்கள், அவளை அனுப்பாதே என்று அறிவுரை சொல்கிறான். மாமி சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, நன்றாகத் திருப்பிக் கொடுக்கிறாள்.

இத்தனை வருடம் இது நிலைத்ததற்கு முதற் காரணம், இரண்டு பேருக்கும் சமமான இடம் கிடைத்திருப்பதுதான் என்று நினைக்கிறேன். அவன் ஒரு சரணம் பாடினால் மாமிக்கும் அதே மெட்டில் ஒரு சரணம் உண்டு. எங்கள் ஊரில் வேறு எங்கே அப்படிச் சமமாகப் பேச விட்டார்கள்? இரண்டாவது காரணம் மொழி. அது கிணற்றடியில் பேசும் தமிழ். 1990களில் மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். மிதிப்பவர் களைத்தால் மாமியின் குரலும் இழுபடும். இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் கலியாண மண்டபங்களில் அதே பாட்டு ஒலிக்கும்போது, தமிழ் எழுதத் தெரியாத பிள்ளைகளும் எழுந்து ஆடுகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பாட்டு முழுவதும் அவளைப் பற்றியதுதான். அவளோ ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இதை எனக்குக் காட்டியது என் தொழில். பதினாறு வயதுப் பிள்ளை என் முன்னால் கதிரையில் இருக்கும். “எங்கே நோகுது?” என்று பிள்ளையைக் கேட்பேன். பதில் அம்மாவிடமிருந்து வரும். “எப்ப தொடங்கினது?” அதற்கும் அம்மாதான். அன்பினால்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அம்மாவைச் சற்று வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பக் கேட்டால் வேறொரு பதில் வரும். சில வேளை நோ வேறிடத்தில் இருக்கும். சில வேளை நோ உடம்பிலேயே இருக்காது.

அமெரிக்காவில் 1977இல் மீட் லோஃப் என்ற ராக் பாடகர் எலன் ஃபோலியோடு சேர்ந்து ஒரு நீண்ட வாதப் பாட்டுப் பாடினார். காருக்குள் இருக்கும் ஒரு பெடியனும் பெட்டையும் வாதாடுகிறார்கள். நடுவில் அவள் அவனை மறித்து, ஆயுளுக்கும் என்னை நேசிப்பாயா, முதலில் அதற்குப் பதில் சொல் என்கிறாள். சரியோ பிழையோ, அவளுக்காக அவளே பேசுகிறாள்.

எங்கள் மாமியை நான் குறை சொல்லமாட்டேன். “ஏன் குமர்ப்பிள்ளையைப் படிக்க விடுகிறாய்?” என்று ஊர் கேட்டபோது, மாமியைப் போல வாய் திறந்து பதில் சொன்ன அம்மாமாரும் அம்மம்மாமாரும் இருந்தபடியால்தான் இந்த நூறு வருடமும் வகுப்பறைகள் நிறைந்தன. இடம்பெயர்ந்த காலத்திலும் புத்தகப் பையை விடாமல் தூக்கி வந்தவர்கள் அவர்கள். நான் வைத்தியரானதும் அப்படிப்பட்ட ஒரு மாமியின் வாயால்தான்.

ஆகவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு தோறும் பரிசளிப்பு விழாவில் ஒரு சிறு போட்டி வையுங்கள். அதே மெட்டில், பாடசாலையிலிருந்து படலையைத் திறந்து வரும் அந்த மகள் பாடும் சரணத்தை எங்கள் மாணவிகள் எழுதட்டும். முதல் மூன்று வருடப் பரிசுத் தொகையை நான் தருகிறேன். அவள் மாமிக்கு நன்றி சொல்வாளோ, மச்சானுக்கு நல்ல பேச்சுக் கொடுப்பாளோ, இரண்டு பேரையும் விட்டுவிட்டுக் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பாடுவாளோ தெரியாது. அவளைக் கேட்டால்தான் தெரியும்.