சட்டத்தின் பெயரால் வந்த சர்வாதிகாரம்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



சர்வாதிகாரி என்றதும், படை திரட்டிக் கோட்டையைப் பிடித்தவனொருவன் நம் மனக்கண்முன் தோன்றுகின்றான். ஜெர்மனி தேசத்துச் சரித்திரமோ வேறு விதமாயிருக்கின்றது. அங்கே பலாத்காரம் பக்கத்தில் நின்றது. முன்னே நடந்தது சட்டமே.

1933-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, பிரசிடெண்டு ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதம மந்திரியாக நியமித்தார். மந்திரிசபையில் நாஜிகள் ஹிட்லரையுஞ் சேர்த்து மூவரே. மற்றையோர் அவரைத் தம் கைக்குள் அடக்கி வைக்கலாமென எண்ணி ஏமாந்தனர். பிப்ரவரி 27-ந் தேதி இரவு பார்லிமெண்டு மாளிகை தீக்கிரையாயிற்று. மறுநாளே ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. பேச்சுரிமை, பத்திரிகையுரிமை, கூட்டங் கூடும் உரிமை யாவும் நிறுத்தப்பட்டன; விசாரணையின்றிச் சிறையிலிடவும் வழி ஏற்பட்டது. மறு உத்தரவு வரையில் என்று பிறந்த அச்சட்டம், 1945-ல் அவ்வாட்சி அழியுமளவும் நீங்கவேயில்லை.

மார்ச்சு 5-ந் தேதி நடந்த தேர்தலில், இத்தனை அச்சுறுத்தலுக்குப் பின்னும் நாஜிக் கட்சிக்குக் கிடைத்தவை 100-க்கு ஏறக்குறைய 44 வாக்குகளே. ஆகவே, பார்லிமெண்டின் சம்மதமின்றி மந்திரிசபையே சட்டமியற்றலாமென்னும் மசோதாவை மார்ச்சு 23-ந் தேதி கொணர்ந்தனர். கம்யூனிஸ்டு அங்கத்தினர் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தனர். சபா மண்டபத்தினுள்ளே சீருடை தரித்த கட்சிப் படையினர் நின்றனர். சாதகமாக 444 வாக்குகள், எதிராக 94. எதிர்த்தோர் அனைவரும் சோஷியல் டெமாக்ரட் கட்சியினர். அவர்கள் தலைவர் ஒட்டோ வெல்ஸ் அச்சபையில் எழுந்து நின்று மறுத்துப் பேசினார். ஏனைய கட்சிகள் வாக்குறுதிகளை நம்பியோ அச்சத்தாலோ இசைந்தன. ஜூலை 14-ந் தேதிக்குள் அக்கட்சிகளும் மறைந்து, நாஜிக் கட்சியொன்றே சட்டப்படி நிலைத்தது. 1934 ஆகஸ்டு 2-ல் ஹிண்டன்பர்க் காலஞ்சென்றதும், இரு பதவிகளும் ஒருவரையே சேர்ந்தன. படைவீரர் ஹிட்லர் பெயர் சொல்லியே பிரமாணஞ் செய்தனர்.

சங்கத்தவராகிய நாம் சிந்திக்க வேண்டியது இன்னொன்று உளது. மே 1-ந் தேதியைத் தொழிலாளர் திருநாளென்று சம்பளத்துடன் கொண்டாடச் செய்து, மறுநாளே தொழிற்சங்கக் கட்டிடங்களைக் கைப்பற்றித் தலைவர்களைச் சிறையிலிட்டனர். பாட்டுச் சபைகளையும் தேகப்பயிற்சிக் கழகங்களையுங்கூட விட்டார்களில்லை. பெயர்ப்பலகை பழையது, உள்ளே தேர்தலில்லை, தலைவன் சொல்லே விதி. அதனினுங் கொடியது, சட்டம் கட்டாயப்படுத்துமுன்னரே, பல சங்கங்கள் தாமே தீர்மானஞ் செய்து யூத அங்கத்தினரை விலக்கியமை. நேற்றுவரை பக்கத்திலமர்ந்து பாடியவர், பிறப்பொன்றையே காரணமாக்கி வெளியேற்றப்பட்டார். அண்டை ஆசனத்தார் வாய் திறந்திலர். ஆட்சியாளர் கேளாத பணிவையும் அவர்கள் முன்வந்து கொடுத்தனர்.

அன்பர்களே! பிறப்பினால் ஒன்று கூடிய நாம் இதனை இருமுறை எண்ணுதல் வேண்டும். நம் குலத்தவர்க்குதவ ஒன்று கூடுதல் வேறு. பிறப்பை முன்னிட்டுப் பிறனொருவனைத் தாழ்த்துதல் வேறு. முன்னது சங்கம், பின்னது சர்வாதிகாரிக்கு நாமே இட்டுக்கொடுக்கும் படிக்கட்டு.

ஆதலின் வருஷந்தோறும் தேர்தல் நடத்துவோம். கணக்கை யாவரும் பார்க்க வைப்போம். மாறுபட்டுப் பேசுவோன் ஒருவனேயாயினும் அவன் சொல்லை நடவடிக்கைப் புத்தகத்திலே பதிவோம். சிறு சபையிலே மறுத்துப் பேசிப் பழகாதவன், பெருஞ் சபையிலே பேச வல்லவனாகான். இதுவே என் விண்ணப்பம்.