முகம் பார்த்துப் பேசுவோம்

(டிரஸ்ட்டின் குடும்ப நல அமர்வில் நிகழ்த்திய உரை)



செல்போனைத் திட்டுவதற்காக நாம் இங்கே கூடவில்லை. நம்மில் பலருடைய வீட்டில் வாப்பாவோ மகனோ வளைகுடாவில் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் கேஸட்டில் பேசிப் பதிவு செய்து, பயணம் போகிறவரிடம் கொடுத்தனுப்பினோம். இன்று முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச முடிகிறது. அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய நிஃமத்.

ஆனால் அதே வாப்பா இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்ததும் என்ன நடக்கிறது? முதல் வாரம் எல்லோரும் சுற்றி உட்காருகிறோம். பிறகு, போனில் தினமும் அரை மணி நேரம் பேசிய பிள்ளை, பக்கத்தில் இருக்கும் வாப்பா கேட்பதற்கு 'ம்' என்கிறது. வாப்பாவும் லேசுப்பட்டவரல்ல, அங்கே ரூமில் இருக்கும் கூட்டாளிகளின் குரூப்பில் மூழ்கியிருக்கிறார்.

நஸாயீயில் ஒரு ஹதீஸ் உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு மோதிரம் செய்து அணிந்தார்கள். பிறகு, இன்று இது என் கவனத்தை உங்களை விட்டும் திருப்பிவிட்டது, என் பார்வை ஒருமுறை இதன்மீதும் ஒருமுறை உங்கள்மீதும் போகிறது என்ற கருத்தில் சொல்லி, அதை எறிந்துவிட்டார்கள். சத்தம் போடாத, வெளிச்சம் காட்டாத ஒரு மோதிரம்! தோழர்களுக்குச் சேர வேண்டிய பார்வையில் அது பங்கு கேட்டது. கழற்றுவதற்கு அந்தக் காரணமே போதுமாக இருந்தது.

நம் விருந்துகளைப் பாருங்கள். ஸஹனைச் சுற்றி நாலு பேர். வலக்கை சோற்றில், இடக்கை போனில். பக்கத்து வீட்டுக்கும் 'ஜும்ஆ முபாரக்' படம்தான் போகிறது. ஆகவே பிள்ளைகளை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இதில் அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் வயதானவர்கள். காது மந்தமானவர்கள் நம் உதட்டசைவைப் பார்த்துத்தான் பாதிப் பேச்சை விளங்கிக்கொள்கிறார்கள். போனைப் பார்த்தபடி குனிந்து பேசினால், 'என்னம்மா?' என்று இரண்டு தடவை கேட்பார்கள். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு, தலையை ஆட்டிவிடுவார்கள். மாத்திரை எத்தனை வேளை என்று நாம் சொன்னது விளங்கவே இல்லை என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

மஃரிபிலிருந்து இஷா வரை வீட்டில் எல்லோருடைய போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வருமே என்று சில சகோதரிகள் கேட்கிறார்கள். நமக்கு மாலை ஆறரை மணி என்றால் சவூதியில் நான்கு மணி, துபாயில் ஐந்து மணி. பெரும்பாலும் வேலையில்தான் இருப்பார்கள். அவசரத்துக்கு ஒரு போனை மட்டும் சத்தம் குறைக்காமல் கூடத்தில் வையுங்கள். அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட்டு, உம்மம்மா முதல் கடைக்குட்டி வரை எல்லோரும் சேர்ந்தே பேசலாம்.

வஸ்ஸலாம்.