ஒரே மருந்து, வேறு வேறு உடல்



வெள்ளி விழா மேடையில் தலைமையாசிரியர் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. நாமோ மருந்தைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். நாம் மருத்துவம் பயின்றோமில்லை. ஆயினும், சாதியின் அடிவேரைத் தொடும் பொருள் இது என்பதால் துணிந்தோம்.

அறுவை மருத்துவத்தின்போது நோயாளியின் மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் ஊசி ஒன்று போடுவதுண்டு. சக்சினைல்கோலின் என்பது அதன் பெயர். மருத்துவமனைகளில் ஸ்கோலின் என்பர். ஒரு நிமிட அளவில் உடலின் தசைகள், மூச்சுவிடும் தசைகள் உட்பட, செயலற்றுப் போகும். பத்து நிமிடத்திற்குள் மீண்டும் இயங்கத் தொடங்கும். குருதியிலுள்ள சூடோகோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அம்மருந்தைச் சிதைத்துவிடுவதே காரணம். அந்நொதி இல்லாதவர்க்கோ மணிக்கணக்கில் மூச்சுத் திரும்பாது. செயற்கை மூச்சுக் கருவியும், விவரமறிந்த மருத்துவரும் அருகிலிருந்தால் அவரும் நலமாக எழுந்துவிடுவார். கருவியில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறை பரம்பரையாக வருவது என்பதைக் கனடா நாட்டில் வெர்னர் காலோ என்னும் அறிஞர் 1950களில் நிறுவினார். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணுவைப் பெற்றவர்க்கே பெருந்தீங்கு விளையும். உலகில் பல ஆயிரம் பேரில் ஒருவரிடம் காணப்படும் இக்குறை, நம் எல்லைப்புறக் கடைவீதிகளில் நாம் அன்றாடம் காணும் ஆரிய வைசியரிடையே பன்மடங்கு மிகுதி. கோவைப் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அயல்நாட்டு அறிஞரோடு சேர்ந்து அதன் காரணத்தை 2006இல் வெளியிட்டனர். அந்நொதியின் 307ஆம் இடத்தில் லியூசின் இருக்க வேண்டிய இடத்தில் புரோலின் அமைந்துவிட்டதாம்! மரபணுவில் நேர்ந்த ஓர் எழுத்துப் பிழை, அவ்வளவே.

வசதி வாய்ந்த ஒரு சமூகத்தில் இப்பிழை ஏன் இவ்வளவு பெருகியது? ஐதராபாத்திலுள்ள சி.சி.எம்.பி. நிறுவனமும் ஹார்வர்டு அறிஞரும் 2009 முதல் வெளியிட்ட ஆய்வுகள் விடை கூறுகின்றன. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவர்கள் தமக்குள்ளேயே மணம் செய்து வந்துள்ளனர். 1916 மே 9ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் வயதில், கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அண்ணல் அம்பேத்கர் சாதியைப் பற்றிய கட்டுரையைப் படித்தார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்பது அதன் கருத்து. குருதியை ஆராயும் கூடம் அதற்குச் சான்று பகர ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று.

இதில் நாம் பிறரை நோக்கி நகைப்பதற்கு ஒன்றுமில்லை. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது நம்மிடையேயும் உண்டு. நம் உட்பிரிவுகளும் ஒன்றோடொன்று பெண் கொள்வதில்லை. நம்முள் எந்த எழுத்துப் பிழை உறைகின்றது என்பதை யார் ஆராய்ந்தார்? ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணு விவரம் 2025 ஜனவரியில் வெளியாயிற்று. அத்தகைய ஆய்வுகளில் நம் மக்களின் குருதியும் இடம்பெற வேண்டும். அதை ஆராய்வோரிலும் நம் பிள்ளைகள் இருத்தல் வேண்டும்.

மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் சிலர் "நீங்கள் வைசியரா?" என்று கேட்பதுண்டு. கேட்பவரின் நோக்கம் நன்றே. ஆனால் மருத்துவமனையில் சாதி கேட்கப்படும்போது நம்மவர்க்கு எழும் கூச்சத்தை நாம் அறிவோம். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு: சாதிப் பெயர் சோதனையாகாது. குறையற்ற வைசியர்க்கு வீண் அச்சம். குறையுடைய நம் பெண்ணொருத்திக்கோ ஐயமே எழாது. அந்நொதியை அளந்தறியச் சாதாரணக் குருதிச் சோதனையே உண்டு. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மாத்திரை சிலர்க்குச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்; அதை முன்னறியவும் சோதனை உண்டு.

ஏழை மக்களிடமிருந்தே கிடைத்த அறிவும் உண்டு. சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டாலும் நோய் தீரும் என்று 1959இல் உலகிற்குக் காட்டியது. ஐசோநயசிட் மருந்தைச் சிலர் உடல் விரைவாகவும், சிலர் உடல் மெதுவாகவும் செயலிழக்கச் செய்வதையும் அங்கே ஆராய்ந்தனர். வாரம் ஒருமுறை மருந்து தந்தபோது விரைந்து செயலிழக்கச் செய்தோர்க்குப் பயன் குறைந்தது. அளவு மிகுந்தபோது மற்றவர்க்கே கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் மிகுதியாக வந்தன. சிறிதளவு பி6 வைட்டமின் அதைத் தடுத்தது. நகரத்து எளிய மக்களின் உடலே அப்பாடத்தைக் கற்பித்தது. (இதைக் கேட்டுவிட்டுக் காசநோய் மாத்திரையை எவரும் தாமாக நிறுத்திவிட வேண்டா! மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

மரபணுச் சோதனை எல்லா ஊர்களுக்கும் எட்டும் வரை நம் கையிலுள்ளது குடும்பத்தின் நினைவு. அத்தைக்கு அறுவையின்போது மூச்சுத் திரும்பத் தாமதமாயிற்றா? சிற்றப்பாவுக்கு எந்த மாத்திரையால் உடல் கொப்பளித்தது? இவை வீட்டுப் பேச்சோடு நின்றுவிடுகின்றன. மருத்துவர் செவிக்கு எட்டுவதில்லை. மாணவர் உடல்நல அட்டையில், "குடும்பத்தில் யாருக்கு, எம்மருந்தால், என்ன தீங்கு" என்னும் ஒரு வரியைச் சேர்க்க எண்ணியுள்ளோம். சங்க விடுதிக்கும் அதே அட்டையை அச்சிட்டுத் தர இயலும். விடுதிக் காப்பாளர் இவ்விழா முடிந்ததும் நம்மைக் காண்பாராக.